6 அடி ஆஸ்கர் மீன் தொட்டிக்கு சொந்த சம்ப்: ஓட்டை போடலாமா, மீடியா எவ்வளவு, கரண்ட் போனால் வழியுமா?

கேள்வி – தொட்டிக்காரன்72

வணக்கம். 6×2×2 அடி தொட்டி, 12 மி.மீ. கண்ணாடி, வீட்டுக்கு வந்து இறங்கியாச்சு. இன்னும் தண்ணி ஊத்தல. சாதாரண கண்ணாடிதான், டஃபன்டு (ஓட்டை போட முடியாத, பதப்படுத்தின கண்ணாடி) இல்லைன்னு செஞ்சவர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டேன். உள்ளே போகப்போறது 5 ஆஸ்கர் மீன், 1 சக்கர் மீன். ஆஸ்கர் இப்போ 8 இன்ச் சைஸ்ல, 4 அடி தொட்டியில டாப் ஃபில்டரோட இருக்கு. தீனி ஒரு நாளைக்கு 20 கிராம் அளவுக்கு பெல்லட், புரதம் 40 சதவீதம்னு பாக்கெட்ல போட்டிருக்கு.

ஸ்டாண்டு உயரம் 80 செ.மீ. அதுக்குள்ளே 4 அடி நீளம், 15 இன்ச் அகலம், 15 இன்ச் உயரத்துல ஒரு சம்ப் (தொட்டித் தண்ணி இறங்கி, சுத்தமாகி, மோட்டார் மூலமா திரும்ப மேலே போற ஃபில்டர் தொட்டி) வைக்க இடம் இருக்கு. ரெடிமேடு வாங்காம நானே கட்டலாம்னு இருக்கேன்.

கண்ணாடியில ஓட்டை போட பயமா இருக்கு. தொட்டி விளிம்பு மேல ஏறி இறங்குற மாதிரி பிவிசி சைஃபன் ஓவர்ஃப்ளோ வச்சா போதுமா? பெட்டியில 6,000 லிட்டர்னு போட்ட மோட்டார் சரியா வருமா? ஃபில்டர் மீடியாவா (பாக்டீரியா வளர இடம் தர்ற பொருள்) செராமிக் ரிங் 10 கிலோ போடுன்னு ஒருத்தர், 20 கிலோன்னு இன்னொருத்தர். எந்தக் கணக்குல சொல்றாங்கன்னு புரியல. கரண்ட் போனா சம்ப் வழிஞ்சிடுமோன்னு கவலை. போர் தண்ணி டிடிஎஸ் 900 காட்டுது, ஆர்ஓ தண்ணி கலக்கணுமா? வீடு சென்னையில, ரெண்டாவது மாடி. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

பதில் – பைப்லைன்

சைஃபன் ஓவர்ஃப்ளோ வேண்டாம். தொட்டி காலியாக இருக்கும்போதே ஓட்டை போட்டுவிடுங்கள், இதைவிட நல்ல நேரம் அமையாது. விளிம்பைத் தாண்டும் குழாயின் உச்சியில் காற்றுக் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஓட்டம் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் கரண்ட் போய் வந்தபிறகு சைஃபன் பிடிக்காது. கீழே மோட்டார் அதுபாட்டுக்கு ஓடும். ரிட்டர்ன் அறைத் (சம்ப்பில் மோட்டார் இருக்கும் கடைசி அறை) தண்ணீரை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, பிறகு வெறும் காற்றில் சுற்றிக் கருகும். வீட்டில் யாரும் இல்லாதபோது இது நடந்தால் மீன்களும் போய்விடும்.

ஓட்டை போடுவது பயப்படுகிற அளவுக்கு இல்லை. முதலில் ஒன்றே கால் இன்ச் டேங்க் நிப்பிள் (ஓட்டையில் பொருத்திக் குழாயை இணைக்கும் துண்டு) இரண்டு வாங்குங்கள். அதன் மரை வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிய டைமண்ட் ஹோல்சா (கண்ணாடியை வட்டமாக வெட்டும் டிரில் பிட்) வாங்குங்கள். பிட்டை முதலில் வாங்கிவிட்டு நிப்பிளைத் தேடினால் பொருந்தாது, ஒவ்வொரு கம்பெனி நிப்பிளும் ஒவ்வோர் அளவு. ஓட்டையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு இடைவெளி விடுங்கள். பின்பக்கக் கண்ணாடி கீழே வரும்படி தொட்டியைத் தெர்மாகோல் ஷீட்டின் மேல் படுக்க வையுங்கள். துளை போடும் இடத்துக்கு மறுபக்கம் அகலமான டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். டிரில்லில் ஹாமர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். வேகம் 400 முதல் 600 சுற்று. சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், டிரில்லின் எடை மட்டுமே அழுத்தம். 12 மி.மீ. கண்ணாடிக்கு ஒரு ஓட்டைக்கு 10 முதல் 15 நிமிடம் ஆகும். கடைசி 2 மி.மீ. வரும்போதுதான் அவசரப்பட்டு அழுத்துவார்கள், சில்லு பெயர்வதும் விரிசல் விடுவதும் அங்கேதான். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் கார்ட்லெஸ் டிரில் நல்லது.

இனி ஓட்டைகள் எங்கே என்று பார்ப்போம். பின்கண்ணாடியின் உள்பக்கம் 5 மி.மீ. கண்ணாடியில் ஒரு பெட்டி ஒட்டுங்கள். நீளம் 30, அகலம் 12, ஆழம் 20 செ.மீ. பெட்டியின் மேல் விளிம்பு தொட்டி விளிம்பிலிருந்து 5.5 செ.மீ. கீழே இருக்கட்டும். தண்ணீர் இந்த விளிம்பைத் தாண்டித்தான் பெட்டிக்குள் விழும். பெட்டிக்குள்ளே, அதன் விளிம்புக்கு 9 செ.மீ. கீழே, 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டைகள். ஒன்றில் எல்போவின் வாய் கீழ்நோக்கி, இது மெயின். இன்னொன்றில் வாய் மேல்நோக்கி, பெட்டி விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே வரும்படி, இது அவசரக் குழாய். மெயின் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தானாக இதில் இறங்கும். இதை ஹெர்பி முறை என்பார்கள். சத்தமில்லாமல் ஓடுவதும் இதனால்தான்: மெயின் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது, காற்று கலப்பதில்லை.

நிப்பிளின் ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம், தலைப்பகுதிக்கு அடியில் வரவேண்டும். கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அதற்கு மேல் ஸ்பானர் போட்டால் கண்ணாடி தாங்காது. வாஷரில் சிலிகான் தடவாதீர்கள், வாஷர் வழுக்கி நழுவும்.

மெயின் குழாயில், சம்ப்புக்கு மேலே கை எட்டும் உயரத்தில் கேட் வால்வு ஒன்று. பால் வால்வு மலிவுதான், ஆனால் கால் சுற்றில் முழுசாக மூடிவிடும் வால்வில் நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. மெயின் குழாயின் நுனி சம்ப் தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். அதற்கு மேல் மூழ்கினால் கரண்ட் வந்ததும் குழாயில் உள்ள காற்று வெளியேற வழியின்றித் திணறும், சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் நுனி தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மெயினில் அடைப்பு என்று அர்த்தம், அந்தச் சத்தமே உங்களுக்கு அலாரம்.

கரண்ட் போவது பற்றிய கவலைக்குக் கணக்குதான் மருந்து. உங்கள் தொட்டியின் நீர்ப்பரப்பு 12 சதுர அடி. 1 செ.மீ. உயரத்துக்கு 11 லிட்டர். மணிக்கு 3,500 லிட்டர் ஓடும்போது 30 செ.மீ. விளிம்பின் மேல் தண்ணீர் ஒன்றரை செ.மீ. ஏறி நிற்கும். மோட்டார் நின்றதும் அந்த ஒன்றரை செ.மீ. கீழே வரும்: 17 லிட்டர். பெட்டியில் உள்ளதும் குழாயில் உள்ளதும் 8 லிட்டர். ஆக 25. மீன் பெட்டிக்குள் போகாதபடி விளிம்பில் சீப்புப் பல் வெட்டச் சொல்வார்கள். பல் வெட்டினால் ஓடும் நீளம் பாதியாகி, தண்ணீர் 2.3 செ.மீ. ஏறும், இன்னும் 9 லிட்டர் கூடும். விளிம்பை வெட்டாமல் விட்டு, பெட்டி மேல் பிளாஸ்டிக் வலையால் மூடி போடுங்கள்.

ஆபத்து ரிட்டர்ன் குழாயில்தான் (மோட்டாரிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாய்). அதன் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறதோ அவ்வளவும் சைஃபனாகக் கீழே வரும். நீர்மட்டத்தை ஒட்டி 5 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் காற்றை இழுத்து நிறுத்திவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டையில் பாசி அடைக்கும். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வும் ஆறு மாதத்தில் அழுக்கு ஏறி மூடாமல் போகும். ஆகவே ஓட்டை அடைத்திருக்கிறது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்: ரிட்டர்ன் வாயைப் பெட்டி விளிம்பு மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே மட்டும் வைத்தால், மோசமான நாளிலும் கூடுதலாக 22 லிட்டர்தான் இறங்கும். மொத்தம் 47.

உங்கள் சம்ப் பரப்பு 5 சதுர அடி, 1 செ.மீ.க்கு 4.6 லிட்டர். உயரம் 38 செ.மீ. சம்ப் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிகளை 25 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, ரிட்டர்ன் அறையில் 20 செ.மீ. தண்ணீரோடு ஓட்டினால், மேலே 3 செ.மீ. மிச்சம் விட்டும் 50 லிட்டர் வரை தாங்கும். போதும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். இரண்டு குழாயும் அடைத்துப்போனால் ரிட்டர்ன் அறைத் தண்ணீர் மேலே ஏறும். அந்த அறை 30×37 செ.மீ., 20 செ.மீ. தண்ணீர் என்றால் 22 லிட்டர். தொட்டியில் 2 செ.மீ. உயரும். ஓடும் மட்டத்துக்கு மேல் உங்களிடம் 4 செ.மீ. இருக்கிறது, வழியாது. ரிட்டர்ன் அறையைப் பெரிதாகக் கட்ட ஆசை வரும், கட்டாதீர்கள்.

மோட்டார்: பெட்டியில் போட்டிருப்பது பூஜ்ய உயரத்து அளவு. உங்களுக்கு நேர் உயரம் 1.1 மீட்டர், எல்போவும் உராய்வும் சேர்த்தால் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். அதிகபட்ச உயரம் 4 மீட்டர் என்று போட்ட 6,000 லிட்டர் மோட்டார் அங்கே 3,500ஐ ஒட்டித் தரும். 600 லிட்டருக்கு மணிக்கு ஆறு சுற்று, ஆஸ்கருக்குத் தாராளம். ஏர்கூலர் மோட்டாரை வைத்துப் பார்க்காதீர்கள். அதன் அதிகபட்ச உயரமே இந்த உயரத்தை ஒட்டித்தான் இருக்கும், தண்ணீர் பெயருக்குத்தான் வரும். ஓடத் தொடங்கியதும் ரிட்டர்ன் வாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்து நேரம் பாருங்கள். 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 3,600. வாட்டையும் பார்த்து வாங்குங்கள். 60 வாட் மோட்டார் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் ஏற்றும்.

பதில் – நைட்ரஜன் கணக்கு

குழாய் பற்றி மேலே இருப்பதே போதும். மீடியா பற்றிச் சொல்கிறேன்.

ரிங் எத்தனை கிலோ என்று தொட்டி லிட்டரை வைத்துச் சொல்வது தவறான அளவுகோல். ஃபில்டரின் வேலை தொட்டியில் உள்ள தண்ணீரின் அளவைப் பொறுத்ததல்ல, நீங்கள் போடும் தீனியைப் பொறுத்தது. மீன் பண்ணைகளில் போடும் கணக்கு இது: தீனியின் எடை × புரதப் பங்கு × 0.092. 20 கிராம் × 0.40 × 0.092 என்றால் நாளொன்றுக்கு 0.74 கிராம் அம்மோனியா நைட்ரஜன். 600 லிட்டரில் அது நாளுக்கு 1.2 மி.கி./லிட்டர். ஃபில்டர் இல்லாவிட்டால் இரண்டே நாளில் ஆஸ்கரின் செவுள் எரியத் தொடங்கும் அளவு.

தொட்டியில் அம்மோனியா கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும் என்றால் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் உணவும் அவ்வளவு குறைவு. அந்த நிலையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்கு 0.1 கிராம் அளவுதான் மாற்றும் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது 7 முதல் 8 சதுர மீட்டர். கே1 வகை பிளாஸ்டிக் மீடியாவில் 1 லிட்டருக்கு அரை சதுர மீட்டர் பயனுள்ள பரப்பு. ஆக 15 லிட்டர் போதும். மீன் 12 இன்ச்சுக்கு வளரும், தீனியும் கூடும் என்பதால் 24 லிட்டர் போடுங்கள். செராமிக் ரிங்கின் உள்துளைகளைச் சேர்த்து விளம்பரத்தில் போடும் பரப்பை நம்பி வாங்க வேண்டாம். ஆஸ்கர் தொட்டியின் அழுக்கில் அந்த நுண்துளைகள் அடைத்துவிடும், வேலை செய்வது வெளிப்பரப்பு மட்டும்தான். காசு குறைவாக வேண்டுமென்றால் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் நெளிவுக் குழாயை 1 இன்ச் துண்டுகளாக வெட்டிப் போடலாம். பரப்பு குறைவு, 40 லிட்டர் அளவு வேண்டும்.

அதைவிட முக்கியம், மீடியாவுக்கு முன்னால் அழுக்கைப் பிடிப்பது. ஆஸ்கர் தீனியைக் கடித்துத் துப்பும், கழிவும் பெரிது. அது மீடியாவில் படிந்தால் அழுக்கில் வளரும் வேறு பாக்டீரியா மேலே மூடிக்கொண்டு ஆக்சிஜனைத் தின்னும், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அடியில் மூச்சு முட்டும். 4 அடி சம்ப்பில் முதல் 20 செ.மீ. குழாய் விழும் அறை, அங்கே ஃபில்டர் சாக்ஸ் அல்லது பாலியஸ்டர் பஞ்சு. அடுத்த 20 செ.மீ. முரட்டு ஸ்பான்ஞ், அதன்பின் நைசான ஸ்பான்ஞ். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஜப்பான் மேட் மீட்டர் கணக்கில் கிடைக்கும், முரட்டு அடுக்குக்கு அது நன்றாக உழைக்கும். பிறகு 45 செ.மீ. மீடியா அறை. கடைசி 30 மோட்டாருக்கு. பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை, ஸ்பான்ஞ்சை வாரம் ஒருமுறை அலசுங்கள். பஞ்சு சம்ப்பில் கிடந்து அழுகினால் அது பிடித்த அழுக்கு முழுக்க அம்மோனியாவாகத் திரும்பத் தொட்டிக்கே போகும். ஃபில்டரில் பிடிபட்ட அழுக்கு தொட்டியை விட்டுப் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அதே தண்ணீரில்தான் இருக்கிறது.

இப்போது ஆர்ஓ. ஆஸ்கருக்கு டிடிஎஸ் 900 வசதியில்லைதான், ஆனால் மெதுவாகப் பழக்கினால் தாங்கும். ஏற்கெனவே இதே போர் தண்ணீரில் இருக்கும் மீன் என்றால் ஆர்ஓ பக்கம் போகவே வேண்டாம். காரணம் இது: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7.14 கிராம் காரத்தன்மை செலவாகிறது. உங்கள் 0.74 கிராமுக்கு நாளுக்கு 5.3 கிராம். 600 லிட்டரில் நாளுக்கு 9 மி.கி., வாரத்துக்கு 62 மி.கி./லிட்டர். முழு ஆர்ஓவில் காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை; கேஹெச் (காரத்தன்மை அளவு) 3 வரும் கலவையை ஊற்றினாலும் அதில் இருப்பதே லிட்டருக்கு 54 மி.கி.தான். ஒரே வாரத்தில் காலி. பிஹெச் திடீரென்று சரியும், பாக்டீரியா மந்தமாகும், அம்மோனியா ஏறும். ‘தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீன் மட்டும் ஓரமா படுத்திருக்கு’ என்று சொல்லும் தொட்டிகளில் பாதி இந்தக் கதைதான். டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது, கேஹெச் டெஸ்ட் கிட் வாங்குங்கள். 5 டிகிரிக்குக் கீழே போக விடாதீர்கள். அவசரத்துக்குச் சமையல் சோடா: 1 கிராம் போட்டால் 0.6 கிராம் காரத்தன்மை ஏறும். உங்கள் தினசரிச் செலவை ஈடுகட்ட 9 கிராம். மொத்தமாகக் கொட்டாமல் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து சம்ப்பில் ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அதே 0.74 கிராம் கடைசியில் நைட்ரேட்டாக நாளுக்கு 5.4 மி.கி./லிட்டர் ஏறும், வாரத்துக்கு 38. வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால்கூட 38க்கும் 76க்கும் நடுவே ஊசலாடும். எவ்வளவு பெரிய சம்ப் கட்டினாலும் இந்த எண் மாறாது. நைட்ரேட் குறைய வேண்டுமென்றால் தீனியைக் குறைக்க வேண்டும், இல்லை தண்ணீரைக் கூட மாற்ற வேண்டும்.

பதில் – மாடிவீடு

ரெண்டாவது மாடின்னு படிச்சதால இது மட்டும் சொல்றேன். தொட்டித் தண்ணி 600 கிலோ, கண்ணாடி 120, சம்ப் தண்ணியோட 140, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா 1 டன். அது நிக்கிறது சுமார் 1.1 சதுர மீட்டர்ல. வீட்டுத் தளத்துக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்திய தரநிலை) சொல்ற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. அறை முழுக்கப் பரவுற சுமைக்கான அளவு அது, அதனால தாண்டின உடனே இடியும்னு அர்த்தமில்ல. ஆனா ஸ்லாப் நடுவுல இந்தத் தொட்டியை வைக்கவே கூடாது. கீழே பீம் ஓடுற சுவரை ஒட்டி, நீளவாக்குல வையுங்க. பீம் எங்க ஓடுதுன்னு தெரியலைன்னா தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

ஸ்டாண்டோட நாலு கால்ல சுமை குவியாம, அடியில முழு நீளத்துக்கும் பெட்டிக் குழாய் ஓடட்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல பிளைவுட், அதுக்கு மேல 10 மி.மீ. தெர்மாகோல்.

மோட்டார், ஹீட்டர், ஏர் பம்பு எல்லாமே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்துற ஸ்விட்ச்) வழியாத்தான் ஓடணும். ஒயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் வளைவு விடுங்க, ஒயர் வழியா வழியிற தண்ணி அங்கேயே சொட்டிடும். ஸ்விட்ச் போர்டை சம்ப்புக்கு மேல வைக்காதீங்க. தொட்டிக்குள்ள கை விடும்போது எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு விடுங்க.

தொட்டிக்காரன்72

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓட்டை போடவே முடிவு பண்ணிட்டேன். பீம் கீழே ஓடுற சுவர் பக்கம்தான் இடம், அது நல்லதாப் போச்சு. இன்னும் மூணு சந்தேகம். சம்ப் தடுப்பு ஒட்ட எந்த சிலிகான்? கே1 மீடியாவை ஏர் விட்டு ஓட விடணுமா, சும்மா நிரப்பினா போதுமா? பழைய டாப் ஃபில்டர் பஞ்சு, ரிங் எல்லாம் புதுசுல போட்டா உடனே மீனை மாத்தலாமா?

பதில் – வாளியும் கப்பும்

சிலிகான்: கண்ணாடிக்குன்னு வர்ற, காடி வாசம் அடிக்கிற சாதா சிலிகான் போதும். டியூப்ல பூஞ்சைத் தடுப்பு, பாத்ரூம், கிச்சன்னு எழுதியிருந்தா தொடாதீங்க, அதுல இருக்கிற மருந்து மீனுக்கு விஷம். தடுப்புக்கு 6 மி.மீ. கண்ணாடி. ஒட்டுற இடத்தை ரெண்டு பக்கமும் ஸ்பிரிட் வச்சுத் துடைங்க, விரல் ரேகை பட்ட இடத்துல சிலிகான் பிடிக்காது. அடியில போற தடுப்புக்கு 5 செ.மீ. இடைவெளி விடுங்க. அதுக்குக் குறைஞ்சா தண்ணி வேகமெடுத்து மீடியாவை ஒரு பக்கம் தள்ளும். தடுப்பு ஒட்டி 3 நாள், ஓவர்ஃப்ளோ பெட்டி ஒட்டி ஒரு வாரம் காயவிடுங்க. காடி வாசம் வந்துட்டே இருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். பிவிசி சொல்யூஷன் தடவின மூட்டுகளும் ஒரு நாள் காய்ஞ்ச பிறகு, ஒரு தடவை தண்ணி ஓட்டிக் கீழே கொட்டிட்டுத்தான் மீன் தண்ணி ஊத்தணும். பித்தளை வால்வு, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) நிப்பிள் எதுவும் வேண்டாம். செம்பும் துத்தநாகமும் கரையும்.

கே1ஐ ஓட விடறதுதான் நல்லது. உங்க மீடியா அறையில தண்ணி 40 லிட்டர் நிக்கும், 24 லிட்டர் மீடியா போட்டா 60 சதவீதம். அதுக்கு மேல நிரப்பினா சுத்தாது. நிமிஷத்துக்கு 20 லிட்டர் தர்ற ஏர் பம்பு வச்சு, ஓட்டை போட்ட குழாயை அறையோட நீளமான ஒரு ஓரத்துல தரையில படுக்க வைங்க. நடுவுல வச்சா ரெண்டு மூலையிலயும் மீடியா தேங்கும். புது மீடியா முதல் ரெண்டு மூணு வாரம் மிதந்துட்டே இருக்கும், பாக்டீரியா படலம் ஏறினதும் தானா இறங்கிச் சுத்தும். அதைப் பார்த்து பம்பை மாத்திடாதீங்க. மீடியா மோட்டார் பக்கம் போகாம தடுப்புல பிளாஸ்டிக் வலை கட்டுங்க, கண் 8 மி.மீ. இருக்கட்டும். சும்மா நிரப்பினாலும் வேலை செய்யும், ஆனா அழுக்கு தங்கும், மாசத்துக்கு ஒரு தடவை அலசணும்.

ஏர் விடறதுல இன்னொரு லாபமும் இருக்கு. 30 டிகிரி சூட்டுல தண்ணி பிடிச்சு வைக்கிற ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மி.கி.தான். அதுல மீனும் மூச்சு விடணும், பாக்டீரியாவும் தின்னணும். கரண்ட் போனா அந்த ஏர் பம்பு மட்டும் இன்வெர்டர்ல ஓடுற மாதிரி ஒயர் பண்ணுங்க, இன்னொரு குழாயை மேல் தொட்டிக்கும் இழுங்க. மோட்டாரை இன்வெர்டர்ல போட வேண்டியதில்ல.

பழைய மீடியா: ஃபில்டரோட நிறுத்தி வச்சு எடுத்துட்டு வராதீங்க. பழைய தொட்டித் தண்ணி நிரப்பின வாளியில மூழ்க வச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள சம்ப்புக்கு மாத்துங்க. குழாய்த் தண்ணியில அலசவே கூடாது. ரிங்கை வலைப் பையில கட்டி, மீடியா அறைக்கு முன்னாடி, ஸ்பான்ஞ் அறையோட கடைசியில வைங்க. அதே மீன், அதே அளவு தீனின்னா அந்த பாக்டீரியா பெரும்பாலும் தாங்கும். ஆனா பழைய ஃபில்டர்ல மட்டுமில்ல, பழைய தொட்டியோட மணல்லயும் கண்ணாடியிலயும்கூட பாக்டீரியா இருந்துச்சு, அது உங்களோட வராது. அதனால முதல் வாரம் தீனியை 5 கிராமுக்குக் குறைங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் தினமும் டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டும் நாலு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டினா 5 கிராம் ஏத்துங்க. இப்படியே மெதுவா 20க்குக் கொண்டுவாங்க. முடிஞ்சா பழைய ஸ்பான்ஞ்சைப் புது சம்ப்புல இப்பவே வைக்கிறதை விட, கே1ஐ வலைப் பையில கட்டிப் பழைய தொட்டியில மூணு வாரம் மிதக்க விடறது இன்னும் நல்ல வழி. சிலிகான் காயுற நேரமும் வீணாகாது.

நைட்ரைட் ஏறினா லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, உங்களுக்கு 600 கிராம், கரைச்சு ஊத்துங்க. உப்புல இருக்கிற குளோரைடு செவுள்ல நைட்ரைட்டுக்குப் போட்டியா நின்னு, அது ரத்தத்துல ஏறாம தடுக்கும். ஆஸ்கருக்கு இந்த அளவு ஒண்ணும் செய்யாது. அதோட பாதித் தண்ணியும் மாத்துங்க. எவ்வளவு தண்ணி எடுத்தீங்களோ அதுக்கேத்த உப்பு திரும்பச் சேர்க்கணும்.

மெட்ரோ தண்ணி ஊத்துற நாள்ல குளோரினை எடுக்காம ஊத்தினா, ரெண்டு மாசம் வளர்த்த பாக்டீரியா அடி வாங்கிடும். 300 லிட்டர் தண்ணியில குளோரின் லிட்டருக்கு 1 மி.கி. இருந்தா ஹைப்போ (குளோரினை நீக்குற சோடியம் தயோசல்ஃபேட்) 2 கிராம் வேணும், நான் 3 போடச் சொல்வேன். போர் தண்ணிக்குத் தேவையில்ல.

பதில் – பைப்லைன்

வால்வு திருப்பும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வால்வை முழுக்கத் திறந்து மோட்டாரைப் போடுங்கள். பெட்டியில் தண்ணீர் வேகமாக இறங்கி, மெயின் காற்றை உறிஞ்சிக் கொடகொடவென்று சத்தம் போடும். பிறகு அரை சுற்று அரை சுற்றாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் 2 நிமிடம் பொறுங்கள். பெட்டிக்குள் நீர்மட்டம் ஏறிவந்து அவசரக் குழாயின் வாயை நூல் போலத் தொட்டு, மெல்லிய கசிவாக அதில் இறங்க வேண்டும். அந்தக் கசிவை நிறுத்த முயலாதீர்கள். பஞ்சு அடைத்து ஓட்டம் கொஞ்சம் மாறினாலும் அந்தக் கசிவுதான் கூடிக் குறைந்து ஈடுகட்டும்.

தண்ணீர் குறைவது ரிட்டர்ன் அறையில் மட்டும்தான் தெரியும். ஃபேன் காற்றில் கோடையில் நாளுக்கு 5 லிட்டர் ஆவியானால் அந்தச் சின்ன அறையில் நாலரை செ.மீ. இறங்கும். மூன்றாம் நாள் மோட்டார் காற்று இழுக்கும். குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்ப மிதவைப் பந்து வால்வு வைக்கலாம், ஆனால் குழாய் லைனோடு நேரடியாக இணைக்காதீர்கள். வால்வு சிக்கிக்கொண்டால் மாடித் தொட்டியே உள்ளே இறங்கும். ஒரு 20 லிட்டர் கேனிலிருந்து இறங்கும்படி வையுங்கள். வால்வு பழுதானாலும் வருவது அந்த 20 லிட்டர்தான். அதற்கும் இடம் வேண்டும் என்பதால், கேன் வைப்பதாக இருந்தால் தடுப்பு உயரத்தை 25க்குப் பதில் 21 செ.மீ. ஆக்குங்கள், ரிட்டர்ன் மட்டத்தை 16 ஆக்குங்கள். மீடியா அறையில் தண்ணீர் 34 லிட்டராகக் குறையும், கே1 20 லிட்டர் போட்டால் போதும்.

மீன் விடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் இரண்டு நாள் ஓட்டுங்கள். மெயின் ஸ்விட்சை ஐந்து முறை அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ஐந்து முறையும் சைஃபன் தானாகப் பிடிக்க வேண்டும். சம்ப்பில் ஏறிய உயரத்தை மார்க்கரால் கோடு போடுங்கள். ஆறாவது முறை ரிட்டர்ன் குழாயின் காற்று ஓட்டையை டேப் ஒட்டி அடைத்துவிட்டு அணையுங்கள். அப்போதும் சம்ப் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நின்றால் தைரியமாக மீன் விடலாம். நிற்கவில்லையென்றால் ரிட்டர்ன் வாயை இன்னும் 1 செ.மீ. மேலே ஏற்றுங்கள்.

கடைசியாக மெயின் குழாய் வாயை ஒரு துணியால் அடைத்துப் பாருங்கள். முழுத் தண்ணீரும் அவசரக் குழாயில் இறங்க வேண்டும், தொட்டி மட்டம் விளிம்பைத் தொடக்கூடாது. டேப்பையும் துணியையும் எடுக்க மறக்காதீர்கள்.